உங்கள் நாட்டில் காட்ட இயலாது

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அறிவுச்செல்வியின் கைப்பேசிக்கு அந்த இணைப்பு வந்தது. அனுப்பியவன் குணசீலன். மலாவி நாட்டில் அவள் கணவன் வேலுமணி ஓட்டிய, ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் போர்வெல் ரிக்கில் மூன்று வருடம் கூட நின்று வேலை செய்தவன். வேலுமணி அங்கேயே காய்ச்சலில் செத்துப்போன பிறகு ஊர் திரும்பி, இப்போது திருச்செங்கோட்டில் ஒரு ரிக் பட்டறையில் இருக்கிறான். இணைப்புக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தான். "அக்கா, அண்ணன் வர்ற படம் போட்டுட்டாங்க. ஞாயித்துக்கெழம வரைக்குந்தான் இருக்குமாம்."

புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையின் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. முட்டை லாரிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். தீவன மூட்டை அடுக்கியிருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இணைப்பைத் தொட்டாள். படத்தின் முகப்பு வந்தது. செம்மண் காடு, நடுவில் நெட்டுக்குத்தாக நிற்கிற ரிக், அதனடியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள். அந்த முதுகை அவளுக்குத் தெரியும். பதினாறு வருடம் எண்ணெய் தேய்த்துவிட்ட முதுகு. நடுவிலிருந்த முக்கோணத்தை அழுத்தினாள். முதுகு மறைந்து சாம்பல் நிறக் கட்டம் ஒன்று வந்தது. அதற்குள் ஜெர்மன் மொழியில் ஒரே ஒரு வாக்கியம்.

கைப்பேசியிலேயே அதைத் தமிழாக்கிப் பார்த்தாள். "உரிமைக் காரணங்களால் இந்த நிகழ்ச்சியை உங்கள் நாட்டில் காட்ட இயலாது."

என்ன உரிமை? யாருடைய உரிமை? புருசன் அவளுடையவன், முதுகு அவனுடையது, அதில் ஓடிய வியர்வையும் அவனுடையது. படம் பிடித்தவன் ஜெர்மனிக்காரன் என்ற ஒரே காரணத்துக்காக, ஜெர்மனியில் இருக்கிற எட்டுக் கோடிப் பேரும் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு அவனைப் பார்க்கலாம். புதுச்சத்திரத்தில் இருக்கிற பெண்டாட்டி பார்க்கக் கூடாதாம். எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து யோசித்து இப்படி ஒரு சட்டம் போட்டானோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

அவள் தவித்ததற்கு ஆசை மட்டும் காரணமில்லை. பயமும் இருந்தது. உண்மையைச் சொன்னால் பயம்தான் பெரிது.

ரிக் ஓட்டுகிற அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். ஆள் வெளியூர் கிளம்பும்போது வீட்டுக்காரி தான் கட்டிப் பழகிய சேலையின் முந்தானையில் ஒரு கீற்றுக் கிழித்து, மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காயவைத்து, ஒரு ரூபாய்க் காசை முடிந்து கொடுக்க வேண்டும். போகிற இடத்தில், ரிக்கின் உயரக் கம்பத்தில், மாஸ்ட் என்பார்கள், அதில் அந்தத் துணியைக் கட்டிவிட்டுத்தான் முதல் குழி போடுவார்கள். வேலுமணியின் அம்மா பாவாயி தன் புருசனுக்கு இருபது வருடம் கொடுத்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அறிவுச்செல்வி கொடுத்தாள். துணி கட்டாத ரிக்கில் கைவைத்தால் ஆளுக்கு ஆகாது என்று அந்த வீட்டில் நம்பினார்கள். நம்பினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது, அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

கடைசித் தடவை அவள் கொடுக்கவில்லை.

இனி வெளிநாடு போகமாட்டேன், இங்கேயே ஏதாவது ஒரு வண்டி பார்த்துக்கொள்கிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தவன், இருபதாம் நாளே மறுபடி டிக்கெட்டோடு வந்து நின்றான். அவள் ஒரு வாரம் பேசவில்லை. கிளம்புகிற அன்றைக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "துணி எங்க அறிவு?" என்று கேட்டான். "இந்த ஊட்டுல இருந்து ஒரு நூலுகூட உங்களோட வராது. மெசினுதான உங்களுக்குப் பொண்டாட்டி? அதுகிட்டயே சேல கேட்டு வாங்கிக்கோங்க" என்றாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சமையலறைக்குள் போனவள் கார் கிளம்புகிற சத்தம் கேட்டும் வெளியே வரவில்லை.

அன்றைக்குப் பூராவும் கண்ணில் பட்டதெல்லாம் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. பால் குண்டான், மகள் தமிழினி, கடைசியில் கன்றுக்குட்டி. கொடியில் காய்ந்துகொண்டிருந்த சந்தன நிறச் சேலையின் முந்தானையில் ஒரு முழம் காணவில்லை. அரக்குக் கரை போட்ட சேலை. அடுப்புப் பொறி பட்ட ஓட்டையைச் சேர்த்துத் தைக்க அதே நிறத்தில் நூல் கிடைக்காமல் நீல நூலில் தைத்து, அதையும் ஆசையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். கொடிக்குக் கீழே கன்றுக்குட்டி வாயை அசைத்துக்கொண்டு நின்றது. ஒரு விளாரை எடுத்து நான்கு போடு போட்டாள்.

நாற்பத்தெட்டாம் நாள் தகவல் வந்தது. அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெட்டியின்மேல் விழுந்து அழுதார்கள், அவ்வளவுதான். துணி கொடுக்காமல் அனுப்பிய விஷயம் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. பதினான்கு மாதமாக அதை அவள் ஒற்றை ஆளாக வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

வருடத் திதிக்கு வந்த குணசீலன்தான் அதில் கை வைத்தான். சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது சாதாரணமாகச் சொன்னான்: "அண்ணனுக்குக் காய்ச்ச வர்றதுக்கு அஞ்சு நாளைக்கு முன்னால ஜெர்மன் டிவிக்காரங்க வந்தாங்க அக்கா. தண்ணியப் பத்திப் படம் எடுக்கறவங்க. மாஸ்டுல கட்டுன மஞ்சத் துணியக் காட்டி, அது என்னன்னு கேட்டாங்க. அண்ணன் இங்கிலீசு வராதுன்னாரு. உங்க பாசையிலயே பேசுங்க, நாங்க மாத்திக்கறோம்னாங்க. நாலு நிமிசம் பேசுனாருங்க. சிரிச்சுச் சிரிச்சுப் பேசிட்டு, கடசீல கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. நான் கம்ப்ரசர்கிட்ட நின்னேன், ஒண்ணுமே காதுல உழுகல."

அவளுக்குக் கையிலிருந்த சொம்பு நழுவிவிட்டது. எந்த மஞ்சள் துணி? அவள்தான் கொடுக்கவில்லையே! கடைத்தெருவில் வாங்கிக் கட்டினானா? வேறு யாராவது கொடுத்தார்களா? கேமராவுக்கு முன்னால் நின்று நான்கு நிமிடம் என்ன சொன்னான்? என் பெண்டாட்டி துணி கொடுக்காமல் அனுப்பிவிட்டாள் என்று சொன்னானா? சொல்லிவிட்டு ஐந்தாம் நாள் படுத்துவிட்டானா?

அந்த நான்கு நிமிடம் இப்போது உலகத்தில் ஓர் இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு மட்டும் சாம்பல் கட்டம்.

வியாழன் மாலை வீட்டுக்கு வந்ததும் அந்தத் தொலைக்காட்சிக்காரர்களின் இணையக் கடையைத் தேடிப் பிடித்தாள். படத்தைக் குறுந்தகடாகவும் விற்கிறார்கள். சரி, காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன் என்று பெயர், ஊர் எல்லாம் அடித்தாள். நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பட்டியலில் மேலிருந்து கீழே போனாள், கீழிருந்து மேலே வந்தாள். முப்பத்தொரு நாடுகள் இருந்தன. அவள் பெயரே கேள்விப்படாத நாடெல்லாம் இருந்தது. இந்தியா இல்லை. அப்படியே கிடைத்தாலும் அந்த ஊர்த் தகடு இந்த ஊர்ப் பெட்டியில் ஓடாது என்று தமிழினி எங்கோ படித்துவிட்டுச் சொன்னாள். தகட்டுக்குமா ஊர் வித்தியாசம்!

அந்த நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். எட்டாம் வகுப்புப் படிக்கிற தமிழினி பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தாள். படத்தில் வருகிறவர் என் கணவர், இப்போது உயிரோடு இல்லை, அவர் பேசுகிற பகுதியை மட்டுமாவது அனுப்புங்கள். அனுப்பிய நொடியே பதில் வந்தது. இரண்டு பேரும் துள்ளி எழுந்தார்கள். உங்கள் கருத்துக்கு நன்றி, பத்து வேலை நாட்களுக்குள் தொடர்புகொள்வோம் என்று ஒரு இயந்திரம் எழுதியிருந்தது. படம் இருக்கப்போவது இன்னும் மூன்று நாள்.

வெள்ளிக்கிழமை தமிழினி தன் தோழியிடம் கேட்டு, நாம் இருக்கிற ஊரை மறைத்து வேறு ஊரில் இருப்பதாகக் காட்டுகிற செயலி ஒன்றை ஏற்றினாள். "இப்ப நாம ஜெர்மனியில இருக்கறோம்மா" என்றாள். எருமைத் தொழுவத்தின் நாற்றம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. அழுத்தினார்கள். இந்தத் தடவை கட்டத்தில் வேறு வாக்கியம். நீங்கள் இருப்பிடத்தை மறைப்பதாகத் தெரிகிறது, அதை நிறுத்திவிட்டு முயலுங்கள். அடுத்த செயலி. அதே வாக்கியம். மூன்றாவது செயலி காசு கேட்டது, கட்டினாள். கட்டியதும் அதே வாக்கியத்தைக் கொஞ்சம் வேகமாகக் காட்டியது. திருடியைப் பிடித்த மாதிரி ஒவ்வொரு தடவையும் பிடித்து வெளியே தள்ளினார்கள். என் புருசனைப் பார்க்க வந்தவளடா நான் என்று கத்தவேண்டும் போல இருந்தது. கைப்பேசியைக் கட்டில்மேல் வீசிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

கைப்பேசி விழுந்த சத்தத்துக்குப் பாவாயி வந்துவிட்டாள். அறுபத்தெட்டு வயதிலும் தோட்டத்து வேலை ஒன்றைக்கூட அடுத்தவரிடம் விடாத மனுசி. "என்ன சாமி, அம்மாளுக்கும் மகளுக்கும் ரெண்டு நாளா ஒரே குசுகுசுப்பு?" என்றாள்.

அறிவுச்செல்வி வாயைத் திறக்குமுன் தமிழினி சொல்லிவிட்டாள். "அப்பா பேசற படம் வந்திருக்குது ஆத்தா. நம்ம ஊருக்குத் தர மாட்டேங்கறாங்க."

பாவாயி கையிலிருந்த மண்ணைச் சேலையில் துடைத்தாள். பிறகு, "எம்பையன் மூஞ்சியப் பொட்டிக்குள்ள வெச்சு மூடிக் குடுத்தாங்க. இதையும் மூடித்தான் வெச்சிருக்கறாங்களா?" என்று கேட்டாள். "எப்படியாச்சும் தெறக்கற வழியப் பாரு அம்மிணி. நானும் பாக்கோணும்."

அறிவுச்செல்விக்குப் படம் கிடைக்காவிட்டால் ஒரு வேதனை. கிடைத்து, அதை மாமியாரும் கூட உட்கார்ந்து பார்த்து, அவன் பாட்டுக்கு உண்மையைச் சொல்லியிருந்தால்? மகனைத் துணியில்லாமல் அனுப்பிய மருமகளை அந்தக் கிழவி எந்த முகத்தோடு பார்ப்பாள்?

சனிக்கிழமை அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மல்லசமுத்திரம் போனாள். ஆடிக் காற்று வண்டியைச் சாலையோரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. அங்கே சென்னியம்மாள் என்று ஒருத்தி. தூரத்துச் சொந்தம், வசதியான வீடு. அவள் மகள் நித்யஸ்ரீ ஜெர்மனியில் படிக்கிறாள் என்று ஒரு கல்யாண வீட்டில் காதில் விழுந்திருந்தது. உள்ளூர் ஆளுக்குத்தானே காட்டுவார்கள்? சரி, உள்ளூர் ஆளையே பிடிப்போம்.

சென்னியம்மாள் மோர் கொடுத்தாள், எல்லாவற்றையும் கேட்டாள், கேட்கக் கேட்க முகம் சுருங்கியது. "தப்பா நெனச்சுக்காத அறிவு. அவிய ஊருப் படத்த வெளிநாட்டுக்குக் காட்டக் கூடாதுன்னுதான பூட்டி வெச்சிருக்கறாங்க? எம்புள்ள அதத் தெறந்து காட்டி, எவனாச்சும் கண்டுபுடிச்சு, விசாவப் புடுங்கிட்டான்னா? லோனு வாங்கிப் படிக்க வெச்சிருக்கறோம்."

"ஒண்ணும் ஆவாதுங்க்கா. போனுல பேசற மாதிரி பேசிக்கிட்டு, கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வெச்சாப் போதுமுங்க."

"நீ சொல்லுவ. மாட்டுனா யாரு போயிக் கேக்கறது?"

அறிவுச்செல்வி எழுந்து நின்றாள். போய்விடத்தான் எழுந்தாள். வாசல்வரை போனாள். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள் அவள்; பெட்டி வந்த அன்றைக்கும் ஒருவரிடமும் எதுவும் கேட்கவில்லை. திரும்பி வந்து சென்னியம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "என்ற ஊட்டுக்காரரு மூஞ்சிய நான் கடைசியாப் பாக்கலீங்க்கா. கோவிச்சுக்கிட்டு உள்ளயே நின்னுட்டேன். நாளையோட அதுவும் போயிருமுங்க."

சென்னியம்மாள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "இரு, புள்ளையக் கூப்பிடறேன்" என்றாள்.

நித்யஸ்ரீ தயங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்கு ஒரு ரொட்டிக் கடையில் வேலை. முடித்துவிட்டு அறைக்கு வர அங்கே பதினொன்றே கால் ஆகும், இங்கே மணி இரண்டே முக்கால். படத்தை அவர்கள் நீக்குவது அங்கே நண்பகல், இங்கே மூன்றரை. "நாப்பத்தஞ்சு நிமிசம் இருக்குதுங்க்கா, போதும்" என்றாள். படிக்கிற பிள்ளைகளுக்கு நாற்பத்தைந்து நிமிடம் போதும்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டரைக்கே கைப்பேசியை மேசைமேல் ஒரு சொம்பில் சாய்த்துவைத்து, மூன்று பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டே முக்கால் ஆயிற்று. அழைப்பு வரவில்லை. இரண்டு ஐம்பது. அறிவுச்செல்வி தன் நகத்தைக் கடித்துக் கடித்து ரத்தம் வரவைத்துவிட்டாள். ஒரு பக்கம் அழைப்பு வரவேண்டும் என்று சாமியைக் கும்பிட்டாள், இன்னொரு பக்கம் மாமியாரை எப்படி வெளியே அனுப்புவது என்று யோசித்தாள்.

"அத்தை, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துருங்களேன். வந்தாக் கூப்படறேன்."

"மாடு எங்கயும் போயராது" என்றாள் பாவாயி. "எம்பையன்தான் மூணரைக்குப் போயிருவான்."

இரண்டு ஐம்பத்தெட்டுக்கு அழைப்பு வந்தது. நித்யஸ்ரீக்கு மூச்சு இரைத்தது. டிராம் தாமதமாம், மூன்று மாடி ஓடி ஏறியிருக்கிறாள். மடிக்கணினியைத் திறந்து படத்தைப் போட்டாள். அங்கே சாம்பல் கட்டம் வரவில்லை. முதல் அழுத்திலேயே இசையோடு படம் ஓடியது. அந்தச் சுலபத்தைப் பார்த்து அறிவுச்செல்விக்கு நெஞ்சு எரிந்தது.

"என்ற திரைய அப்படியே உங்களுக்குக் காட்டறேன், இருங்க்கா" என்று நித்யஸ்ரீ எதையோ அழுத்தினாள். கைப்பேசித் திரை முழுக்கக் கறுப்பானது. சத்தமும் நின்றது.

"கரண்டு போச்சா?" என்றாள் பாவாயி.

"இல்லீங்க பாட்டி. பகிர்ந்தாக் கறுப்பாக்கற மாதிரி வெச்சிருக்கறாங்க." நித்யஸ்ரீ நிறுத்திவிட்டு மறுபடி முயன்றாள். மறுபடி கறுப்பு. வேறு வழியில் முயன்றாள். கறுப்பு. மணி மூன்று பத்து.

"விடு கண்ணு, போனக் கம்ப்யூட்டருக்கு முன்னால நிறுத்து" என்றாள் அறிவுச்செல்வி. குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. நித்யஸ்ரீ புத்தகங்களை அடுக்கிக் கைப்பேசியை நிறுத்தினாள். ஜன்னல் வெளிச்சம் பட்டு ஒன்றும் தெரியவில்லை. ஓடிப்போய்த் திரைச்சீலையை இழுத்தாள். இப்போது தெரிந்தது, கோணலாக, கொஞ்சம் நீலமாக, ஆனால் தெரிந்தது. எத்தனையாவது நிமிடத்தில் வேலுமணி வருகிறான் என்று யாருக்கும் தெரியாது. நித்யஸ்ரீ படத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். ஏரி. குடம் தூக்கிய பெண்கள். யாரோ ஒரு அதிகாரி. மறுபடி ஏரி. மூன்று பதினேழு. அப்புறம் ரிக்.

"இங்கதான்!" என்று தமிழினி கத்தினாள்.

முகம் வந்தது. நான்கு நாள் தாடி, தலையில் கட்டிய துண்டு, காதோரம் சேறு. உயிரோடு இருந்த முகம். பாவாயி, "சாமி" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் திரையைத் தொடப் போனாள். தமிழினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கேமரா மேலே போனது. மாஸ்டில் மஞ்சள் துணி காற்றில் படபடத்தது. வேலுமணி வாயைத் திறந்தான்.

"இதுங்களா? இது எங்கூட்டுக்காரி..."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு கனத்த ஆண் குரல் ஜெர்மன் மொழியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அடியில் வேலுமணியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி முனகியது. வாய் அசைகிறது, கை அசைகிறது, சிரிக்கிறான். ஒரு சொல் கேட்கவில்லை.

"யார்றா அவன்?" பாவாயி எழுந்தே விட்டாள். "எம்பையன் பேசறதுக்கு மேல பேசறவன் யாரு? அவன வாய மூடச் சொல்லு!"

"அது மொழிபெயர்ப்புங்க பாட்டி. அப்படித்தான் போடுவாங்க. நிறுத்த முடியாதுங்க."

நான்கு நாளாகச் சுவர் சுவராக முட்டி, கடைசிச் சுவருக்கும் அந்தப் பக்கம் வந்தால், அவன் குரல்மேலேயே ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். அறிவுச்செல்விக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எங்கூட்டுக்காரி... எங்கூட்டுக்காரி என்ன செய்தாள்? குடுக்கவில்லை என்றானா?

"என்ன சொல்றான் அவன்? சொல்லு நித்யா!" என்றாள். மாமியார் பக்கத்தில் இருப்பதெல்லாம் மறந்துவிட்டது.

நித்யஸ்ரீ ஜெர்மன்காரன் சொல்லச் சொல்லத் தமிழில் சொன்னாள், பாடம் ஒப்பிக்கிறவள் மாதிரி. "இது என் மனைவி கொடுத்த துணி. ஒவ்வொரு பயணத்துக்கும் அவங்க சேலையில இருந்து கிழிச்சுத் தருவாங்க. இது இல்லாம நான் மெசினைத் தொடமாட்டேன். இந்தத் தடவை நான் கிளம்பறதுல அவங்களுக்குச் சம்மதமில்ல. ரொம்பக் கோபம்." நித்யஸ்ரீ நிறுத்தினாள். ஜெர்மன்காரனும் நிறுத்தியிருந்தான். திரையில் வேலுமணி ஏணியில் ஏறித் துணியின் முனையைப் பிடித்துக் கேமராவுக்குக் காட்டினான். துணி திரை முழுக்க வந்தது. மஞ்சள் ஏறிய சந்தன நிறம். ஓரத்தில் அரக்குக் கரை. கரைக்குப் பக்கத்தில் நீல நூலில் ஒரு தையல்.

அறிவுச்செல்வி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு கோபத்திலயும் துணி கொடுத்தாங்களான்னு படம் எடுக்கற பொண்ணு கேக்கறாங்க" என்றாள் நித்யஸ்ரீ.

வேலுமணி துண்டால் கண்ணைத் துடைத்தான். வியர்வையைத் துடைக்கிறவன் போலத்தான் துடைத்தான். ஏதோ சொன்னான், ஜெர்மன்காரன் அவசரமாக இரண்டு சொல்லில் அதை முடித்துவிட்டான். முடித்தவன் வாயை மூடிக்கொண்ட பிறகும் வேலுமணி பேசிக்கொண்டிருந்தான். அந்தக் கடைசி வாக்கியத்தின்மேல் யாருமில்லை. காற்றுச் சத்தம், கம்ப்ரசர் சத்தம், அவற்றுக்கு நடுவில் அவனுடைய சொந்தக் குரல், நேற்று வாசலில் நின்று பேசிய மாதிரி:

"...அவ குடுக்காம அனுப்புவாளாங்க?"

படம் ஏரிக்குப் போய்விட்டது.

பாவாயிதான் முதலில் திரும்பினாள். மருமகளின் கையைத் தேடிப் பிடித்து, தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அன்னைக்கு நீ வெளிய வரவே இல்ல. துணி குடுத்தியான்னு ஒங்கிட்டக் கேக்கோணும்னு எத்தனயோ நாளு நெனச்சேன். கேக்கறதுக்குப் பயமா இருந்துச்சு சாமி. இல்லைன்னு சொல்லிப்புட்டீன்னா நான் என்ன பண்ணுவேன்? குடுத்துத்தான் அனுப்புனயா?"

அறிவுச்செல்வி வாயைத் திறந்தாள். பதினான்கு மாதமாக வயிற்றுக்குள் வைத்திருந்தது இப்போது வெளியே வந்துவிடும் போல இருந்தது. மாமியாரின் கை சொரசொரவென்று அவள் கைமேல் இருந்தது. எட்டுக் கோடிப் பேரில் ஒருவருக்கும் தெரியாமல் ஒரு மனுசன் கேமரா முன்னால் நின்று பொய் சொல்லியிருக்கிறான். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"ஆமாங்கத்தை" என்றாள்.

"இன்னொருக்கா போடு கண்ணு" என்றாள் பாவாயி கைப்பேசியைப் பார்த்து. நித்யஸ்ரீ படத்தைப் பின்னுக்கு இழுத்தாள். திரை நடுவில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று முப்பத்தொன்று.

"அக்கா" என்றாள் நித்யஸ்ரீ மெதுவாக. "இப்ப எனக்கும் காட்ட மாட்டேங்குதுங்க்கா."

அறிவுச்செல்வி எழுந்து உள்ளறைக்குப் போனாள். பீரோவின் அடித்தட்டில், அவன் போன பிறகு கட்டாமலே மடித்துவைத்த சந்தன நிறச் சேலை இருந்தது. விரித்து முந்தானையைப் பிடித்தாள். கன்றுக்குட்டி கடித்திருந்தால் ஓரம் நைந்து, எச்சில் பட்டுத் தாறுமாறாக இருந்திருக்கும். ஓரம் நேராக இருந்தது. கத்தரியால் ஒரு முனையில் வெட்டிவிட்டு, கையால் நூல் பிடித்துக் கிழித்த ஓரம். அன்றைக்கு இதைச் சரியாக ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். பார்க்காமல் விளாரை எடுத்துக்கொண்டு போனாள்.

தமிழினி பின்னால் வந்து நின்றிருந்தாள். வெளியே பாவாயி நித்யஸ்ரீயிடம், எம் மருமக குடுத்துத்தான் அனுப்புனா, எத்தனை கோவம் வந்தாலும் அதுல தவறமாட்டா என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இதக் கன்னுக்குட்டி தின்னுருச்சுன்னு நீ அன்னைக்கு அத அடிச்சியேம்மா" என்றாள் தமிழினி.

"நானும் அப்படித்தான் நெனச்சேன் சாமி" என்று சொல்லிவிட்டு, அறிவுச்செல்வி அந்தச் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.